பக்கத்து விரலைவிடச் சூடான கட்டைவிரல்

ஓய்வு பெற்ற செவிலியரைக் கூப்பிட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ரத்த அழுத்தம் பார்க்க, ஊசி போட, அலமாரியில் கிடக்கும் மாத்திரை காலாவதியாகிவிட்டதா என்று கேட்க, துடியலூரில் எங்கள் தெரு முழுவதும் என்னைக் கூப்பிடும். ஆலோசகர் என்று பட்டம் கொடுத்துக் கூப்பிட்டவர்கள் மட்டும் ஒரே ஒரு இடத்தில்தான். சரவணம்பட்டியில் பொறியாளர்கள் நாலைந்து பேர் சேர்ந்து நடத்தும் சின்ன நிறுவனம் அது. விரலில் மாட்டிக்கொள்ளும் வளையம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தார்கள். தோலின் வெப்பநிலையை அளந்து, அதிலிருந்து தோலுக்குள் எவ்வளவு ரத்தம் ஓடுகிறது என்று வளையமே கணக்குப் போட்டுச் சொல்லிவிடுமாம். அதே கணக்கை முப்பது வருடம் கையால் போட்டவர் ஒருவர் வேண்டும் என்று யாரோ சொல்ல, என்னைப் பிடித்துவிட்டார்கள்.

நான் வேலை பார்த்தது கோவையில் ஒரு மருத்துவமனையின் கை அறுவைப் பிரிவில். பெயர் இங்கே தேவையில்லை. பட்டறைகளும் நூற்பாலைகளும் விசைத்தறிகளும் சூழ்ந்த இந்த ஊரில் விரல் அறுந்து வருகிறவர்களுக்குக் குறைவே கிடையாது. அறுந்த விரலை டாக்டர்கள் உருப்பெருக்கியின் கீழ் வைத்து, தலைமுடி கனமுள்ள நூலால் ரத்தக் குழாயோடு குழாயைத் தைத்து ஒட்ட வைப்பார்கள். அவர்களுக்குப் புகைப்படத்தோடு செய்தி வரும். ஒட்டிய விரல் உயிரோடு இருக்கிறதா என்று அடுத்த நான்கைந்து நாட்கள் மணிக்கு ஒரு முறை பார்ப்பது எங்கள் வேலை. அதற்குச் செய்தி வராது.

எப்படிப் பார்ப்பது என்பதற்கான நடைமுறைக் கையேட்டை எழுதியதே நான்தான். பதினாலாம் பக்கம். நகத்தின் நிறம், அழுத்திவிட்டால் நிறம் திரும்பும் வேகம், விரல் நுனியின் உப்பல், வெப்பநிலை. ஒட்டிய விரலையும் பக்கத்து விரலையும் அறையையும் அளக்க வேண்டும். வித்தியாசம் இரண்டு டிகிரியைத் தாண்டினால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். எதிலாவது சந்தேகம் வந்தால் மெல்லிய ஊசியால் நுனியில் குத்திப் பார்க்க வேண்டும். செக்கச் சிவந்த சொட்டு வந்தால் விரல் பிழைத்தது.

இதையெல்லாம் சரவணம்பட்டிப் பிள்ளைகளிடம் சொன்னபோது ஒரு பெண் கேட்டாள், வெப்பநிலை எப்போதாவது பொய் சொல்லியிருக்கிறதா என்று. ஒரே ஒரு தடவை என்றேன். நோயாளியோடு இருந்தவர் வெந்நீர் டம்ளரால் விரலைச் சூடாக்கிவிட்டார், அதனால் பதிவு தவறியது, விரல் போய்விட்டது. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். அவள் அந்த எண்கள் நினைவிருக்கிறதா என்றாள். எழுந்து போய் வெள்ளைப் பலகையில் எழுதினேன். நினைவிருக்காமலா.

அவள் தலையைச் சாய்த்துப் பலகையைப் பார்த்தாள். "ரெண்டு மணிக்கே பக்கத்து விரலைவிட ஒரு டிகிரிக்கு மேல அதிகமா இருக்கே மேடம். நீங்க ஏன் சந்தேகம்னு ஃபிளாக் பண்ணலை?"

குற்றம் சாட்டும் தொனி அதில் கொஞ்சமும் இல்லை. நான் டீயைக் குடித்து முடித்துவிட்டு, அன்று சொன்ன அதே பதிலைச் சொன்னேன். விரல் அறும்போது நரம்பும் அறுகிறது. ரத்தக் குழாயைச் சுருக்கச் சொல்லும் கட்டளை அந்த நரம்பு வழியாகத்தான் வருகிறது. கட்டளை வராவிட்டால் குழாய் விரிந்தே கிடக்கும், ரத்தம் தாராளமாக ஓடும், விரல் சூடாக இருக்கும். பாடப்புத்தகத்தில் உள்ளதுதான். அவள் "ஓ" என்று சொல்லித் தட்டச்சு செய்துகொண்டாள்.

அவள் நம்பிவிட்டாள். பேருந்தில் திரும்பி வரும்போது அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். இதோடு இரண்டு பேர் அந்தப் பதிலை நம்பிவிட்டார்கள்.

விரல் போன அந்தப் பெண்ணுக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். தாராபுரத்துக்கு அப்பால் ஒரு ஊர். தலைமுறை தலைமுறையாகப் பிறர் தோட்டங்காட்டில் வேலை செய்த குடும்பம். இவள்தான் முதலில் பனியன் கம்பெனியில் தையலுக்குப் போனவள். துணியின் விளிம்பை மடக்கிப் பிடித்து ஊசிக்கடியில் தள்ளுவது வலது கட்டைவிரல். அந்த விரல் இருந்தால் அவள் டெய்லர், இல்லாவிட்டால் மாமியார் போன வெங்காயக் காட்டுக்கே திரும்ப வேண்டியதுதான். சேர்த்த அன்றே இதை என்னிடம் மூன்று முறை சொல்லிவிட்டாள். அறுவை முடிந்து வந்ததும் முதலில் கேட்டதும் அதுதான். விரல் நிற்குமா, மிஷினில் உட்காரலாமா.

ஊர்க் கோயில் திருவிழாவான நோம்பிக்கு முந்தைய நாள் அது. மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டிப் போட்டுவிட்டுக் கோயிலுக்குப் போகலாம் என்று தட்டு வெட்டும் மிஷினைப் போட்டிருக்கிறார்கள். இவள் தட்டைத் தள்ள, மாமியார் சுவிட்சுக்குப் பக்கத்தில். தட்டு சிக்கியது. மாமியார் நிறுத்தினாள். இவள் கையை விட்டு இழுத்தாள். எடுத்துவிட்டாள் என்று நினைத்து மாமியார் மறுபடி போட்டுவிட்டாள். இந்தக் கதையை எனக்குச் சொன்னவள் மாமியாரேதான். எனக்கு மட்டும் என்று இல்லை. லிஃப்ட் இயக்குபவர், சாப்பாட்டு வண்டிக்காரர், பக்கத்துக் கட்டில் நோயாளியின் தம்பி, எல்லோரிடமும் "நாந்தானுங்க போட்டுப்போட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

மற்றபடி அவர்கள் எதையும் கெடுக்கவில்லை. பெரும்பாலானவர்கள் அறுந்த விரலை ஐஸுக்குள் நேராகப் போட்டு அவித்த மாதிரி கொண்டுவருவார்கள். இவள் புருஷன் நாங்கள் தொலைபேசியில் சொன்னதைக் கேட்டு, ஈரத்துணியில் சுற்றி, பாலித்தீன் பையில் போட்டு, அந்தப் பையை ஐஸில் வைத்துக் கொண்டுவந்தான். டாக்டரே பாராட்டினார். எட்டு மணி நேர அறுவை. முதல் நாள் முழுவதும் கட்டைவிரல் முப்பத்து மூன்று டிகிரிக்குக் குறையவே இல்லை.

ஒரே ஒரு தொந்தரவு மருதாணி. நோம்பிக்காக இரண்டு கையிலும் பத்து விரலுக்கும் தொப்பி போட்டது போல வைத்திருந்தாள். நகமும் நுனியும் கருஞ்சிவப்பு. அவள் சார்ட்டில் நிறத்துக்கான இரண்டு கட்டங்களிலும் "மருதாணி, பார்க்க இயலாது" என்று எழுத வேண்டியதாயிற்று. மிச்சம் நம்ப வேண்டியது வெப்பமானியை.

"நல்லாச் செவந்திருக்குது பாருங்க சிஸ்டர்" என்றாள் மாமியார். "மாமியா மேல பாசம் இருந்தாத்தான் இப்புடிப் புடிக்குமாமா."

"அது புருசன் மேலீங்க" என்றாள் மருமகள், கண்ணைத் திறக்காமலே. "மாமியா மேலன்னா வெளுத்துப் போயிருக்கும்."

மாமியார் சிரித்து நான் முதலில் பார்த்தது அப்போதுதான். கடைசியாகப் பார்த்ததும் அப்போதுதான்.

புருஷனுக்கு இந்த வெப்பமானி வேலை புரியவில்லை. சூட்டைப் பார்த்தால் ரத்தம் எப்படித் தெரியும் என்று கேட்டான். சூட்டைக் கொண்டுவருவது ரத்தம், அதை எடுத்துக்கொண்டு போவது அறைக் காற்று, இரண்டுக்கும் நடுவில் தோல் நிற்கிறது என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பைப்பத் தொட்டுப் பாக்கறாப்புலீங்களா?" என்றான். உச்சி வெயிலில் காட்டில் கிடக்கும் பைப் சில்லென்று இருந்தால் உள்ளே தண்ணீர் ஓடுகிறது என்று பொருளாம். சுட்டால் மோட்டார் இழுக்கவில்லை. வெயிலுக்குப் பதில் இங்கே குளிர்சாதன அறை, அவ்வளவுதான் வித்தியாசம். எம்.எஸ்ஸி. நர்சிங் மாணவிகளுக்கு நான் அரை மணி நேரம் சொல்வதை அவன் ஒரே வரியில் சொல்லிவிட்டான். அதற்குப் பிறகு வகுப்பெடுக்கும்போதெல்லாம் அந்தப் பைப்பை என் சொந்த உதாரணம் போலப் பயன்படுத்திக்கொண்டேன்.

இரண்டாம் நாள் காலை பத்து மணிக்குக் கட்டைவிரல் 33.1. பதினொன்றுக்கு 32.4. பன்னிரண்டுக்கு 31.4. பக்கத்து விரல் 33.3. வித்தியாசம் 1.9. இரண்டு டிகிரி வரம்புக்கு ஒரு புள்ளி மிச்சம் இருந்தது. விதியை எழுதியவள் என்பதால் அந்த ஒரு புள்ளி எனக்குப் பெரிய சலுகையாகத் தெரிந்தது. அரை மணியில் மறுபடி பார்க்கிறேன் என்று குறித்துக்கொண்டேன். போகும்போது வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம்.

"இப்படியே இறங்கினா மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குத்தான் போகோணும் அம்மணி" என்றேன்.

அவள் முகம் சுருங்கியது. முதல் அறுவையில் கழுத்தருகே ஊசி போட்டுக் கையை மட்டும் மரக்க வைத்திருந்தார்கள். எட்டு மணி நேரமும் அரை நினைவோடு எலும்பில் கம்பி ஏறும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறாள். அது எனக்குத் தெரியும். சார்ட்டிலும் இருந்தது.

அரை மணியில் நான் போகவில்லை. கரும்பு ஆலையிலிருந்து ஒரு முழங்கை வந்துவிட்டது. ஒரு மணிக்குப் போனபோது கட்டைவிரல் 33.2. அப்பாடா என்றிருந்தது. மாமியார் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லாருக்குதுங்களா?" என்றாள். நல்லா இருக்கு என்றேன்.

இரண்டு மணிக்கு 34.6. பக்கத்து விரல் 33.5. அறை 25.

என்னோடு வந்த இளம் செவிலியர் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாதவள். எண்ணைப் படித்துவிட்டு எழுதாமல் நின்றாள். "சிஸ்டர், ஒரு தடவை ஊசியில குத்திப் பாத்துரலாமா?" என்றாள், ரகசியம் போல.

நான் அவளை நடைபாதைக்கு அழைத்து வந்து பாடம் நடத்தினேன். முதலில் நரம்பைப் பற்றி. பிறகு சார்ட்டின் பின்பக்கத்தில் கணக்கு. தோல் அறையைவிட எத்தனை டிகிரி சூடு என்பதை, உடலைவிட எத்தனை டிகிரி குளிர் என்பதால் வகுத்தால் ரத்த ஓட்டத்துக்கு ஒரு மதிப்பீடு கிடைக்கும். கட்டைவிரலுக்கு ஒன்பது புள்ளி ஆறை இரண்டு புள்ளி நான்கால் வகுத்தேன். நான்கு. பக்கத்து விரலுக்கு இரண்டரைகூட வரவில்லை. பார்த்தாயா, ஆரோக்கியமான விரலைவிட இதில் ஓட்டம் அதிகம், இதைப் போய் எதற்குக் குத்த வேண்டும் என்றேன். அழகாக வகுபட்ட எண். எனக்கே பெருமையாக இருந்தது.

அந்தக் கணக்கு ஒரே ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது. விரலுக்குச் சூடு கொடுப்பது ரத்தம் மட்டும்தான் என்பது. பன்னிரண்டு மணி வரை இறங்கிக்கொண்டே வந்த விரல், யாரும் எதுவும் செய்யாமல், இரண்டு மணி நேரத்தில் மூன்று டிகிரி ஏறாது. நரம்பு அறுந்த கதை உண்மையென்றால் முதல் நாளே சூடாக இருந்திருக்க வேண்டும். இது எனக்குப் பிறகு தெரிந்தது என்று எழுத ஆசைதான். அன்று இரண்டு மணிக்கே, அந்த நான்கை எழுதும்போதே, மனதின் ஓரத்தில் தெரிந்தது. டாக்டர் முழங்கையோடு தியேட்டரில் இருந்தார். எண் நன்றாக இருந்தது. நன்றாக இருக்கும் எண்ணை யாரும் கேள்வி கேட்பதில்லை.

மூன்று மணிக்கு 34.3. நான்கு மணிக்கு 34.5. அளந்தது அந்த இளம்பெண். இரண்டு முறையும் எழுதுவதற்கு முன் என்னைப் பார்த்தாள்.

ஐந்து மணிக்கு என் பணி நேரம் முடியும். பத்து நிமிடம் முன்னதாகவே சொல்லிவிட்டுப் போகலாம் என்று திரையை விலக்கினேன். மாமியார் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். மருமகளின் கை அவள் மடியில். சேலைத் தலைப்பில் சுற்றிய எவர்சில்வர் டம்ளரில் ஃபிளாஸ்க் வெந்நீர். டம்ளரைத் தன் கன்னத்தில் வைத்துப் பதம் பார்த்துவிட்டு, அந்தக் கட்டைவிரலை அதில் சாய்த்து வைத்துக்கொண்டிருந்தாள், குழந்தைக்குப் பால் ஊட்டுகிற கவனத்தோடு. என்னைப் பார்த்துத் திடுக்கிடவில்லை. சுவர்க் கடிகாரத்தைத்தான் பார்த்தாள்.

"இன்னும் பத்து நிமிசம் இருக்குதுங்களே சிஸ்டர்" என்றாள்.

டம்ளரை வாங்கிக் கீழே வைத்தேன். உடனே அளந்தால் பயனில்லை, சூடு தணியக் காத்திருக்க வேண்டும். அதுவும் நடைமுறைதான். நின்று எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 33. 31. 29. 27. ஊசியை எடுத்துக் குத்தினேன். சொட்டு வரவில்லை. இன்னொரு இடத்தில் குத்தினேன். மாமியார் எழுந்து நின்று, "நல்லாருக்குதுங்களா?" என்றாள்.

ஐந்தரைக்கு அவளை மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். குழாயில் ரத்தம் கட்டி அடைத்துப் பல மணி நேரம் ஆகிவிட்டது. டாக்டர் அவள் காலிலிருந்து ரத்தக் குழாய் எடுத்து வைத்துப் பார்த்தார். பன்னிரண்டு மணிக்குச் சொல்லியிருந்தால், இரண்டு மணிக்குச் சொல்லியிருந்தால் என்று அவர் கணக்குப் போடவில்லை. பெருந்தன்மையோ களைப்போ. மூன்றாம் நாள் விரல் கறுத்தது. நகத்தில் மருதாணி மட்டும் அப்படியே சிவப்பாக இருந்தது. அடுத்த நாள் எடுத்துவிட்டார்கள்.

இப்படி ஒன்று நடந்தால் அறிக்கை எழுத வேண்டும். எழுதியது நான். "நோயாளியின் உதவியாளர், பணியிலிருந்த செவிலியருக்குத் தெரியாமல், வெந்நீர் டம்ளரால் விரலைச் சூடேற்றியதால் வெப்பநிலைப் பதிவு தவறாக அமைந்தது." ஒரு சொல்லும் பொய் இல்லை. ஊசி கேட்ட இளம்பெண்ணும் சார்ட்டின் பின்பக்கத்து நான்கும் அதில் இல்லை. உதவியாளரின் ஒப்புதலும் வேண்டும் என்பது விதி. மாமியாருக்கு எழுதத் தெரியாது. படித்துக் காட்டினேன்.

கேட்டு முடித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். "என்ற மருமவ பேரு இதுல வருதுங்களா?"

வராது என்றேன். வராதபோது எதற்குக் கேட்கிறாள் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

"அப்பச் சரிங்க" என்றாள்.

மை டப்பாவை நீட்டினேன். இடது கட்டைவிரலை அழுத்தி எடுத்தாள். காட்டு வேலையில் தேய்ந்த விரல், ரேகை சரியாக விழவில்லை. இன்னொரு தரம் வைக்கச் சொன்னேன். வைத்தாள். ஒரு பிரதியை அவர்கள் கோப்பில் சேர்த்துக் கொடுத்தேன். அதுவும் விதி.

இரண்டு வருடம் கழித்து ஓய்வு பெற்றேன். சால்வை போர்த்தினார்கள். பதினாலாம் பக்கத்தில் "உதவியாளர்கள் விரலைத் தொடக் கூடாது" என்று ஒரு வரி கூடியிருந்தது. அதுவும் என் கையெழுத்தில்தான்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. கொரோனா காலத்தில் வாங்கிய வெப்பமானி ஒன்று வீட்டில் இருக்கிறது. மத்தியானம் இரண்டு மணி ஆனால் என் வலது கட்டைவிரல் சில்லிட்டதுபோல் தோன்றும். அளப்பேன். பக்கத்து விரலையும் அளப்பேன். அறையையும். சில்லிட்டிருக்காது. ஒரு நாளும் என் கட்டைவிரல் பக்கத்து விரலைவிட ஒரு டிகிரி மேலே போனதும் கிடையாது. பேருந்தில் சில்லறை தரும் நடத்துநரின் விரல் பட்டால், கடையில் காய் எடுத்துத் தருபவரின் விரல் பட்டால், சூடா குளிர்ச்சியா என்று மனம் குறித்துக்கொள்ளும். இதற்கு மருத்துவத்தில் பெயர் இருக்கிறது. தெரிந்து என்ன ஆகப்போகிறது.

சரவணம்பட்டிப் பெண் நம்பிய வாரமே பல்லடம் வழியாகத் தாராபுரம் போய், அங்கிருந்து இன்னொரு பேருந்து பிடித்தேன். காற்றாலைகளுக்கு நடுவில் இருந்தது ஊர். வீட்டைச் சுலபமாகக் கண்டுபிடித்துவிட்டேன். விரல் போன டெய்லர் வீடு என்றால் யாரும் சொல்வார்கள்.

அவள் வாசலில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். கத்தியை நான்கு விரலுக்குள் வைத்து உள்ளங்கையோடு அழுத்தும் வித்தையைக் கை கற்றுக்கொண்டிருந்தது. என்னை உடனே அடையாளம் தெரிந்துகொண்டாள். நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். தண்ணீர் கொண்டுவந்தாள். மாமியாரைப் பார்க்க வந்தேன் என்றேன்.

"அத்தை தை மாசம் தவறிப்போட்டாங்க" என்றாள்.

நான் சொல்ல வந்ததைக் கேட்க வேண்டியவள் போய்விட்டாள். பிறகு அவளிடமே சொன்னேன். பன்னிரண்டு மணியின் ஒரு புள்ளியிலிருந்து ஆரம்பித்து, ஊசி கேட்ட பெண், சார்ட்டின் பின்பக்கம், நான்கு. இரண்டு மணிக்கே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தும்தான் இருந்தது என்று சொன்னேன். அப்போது குத்திப் பார்த்திருந்தால் விரல் ஒருவேளை நின்றிருக்கும். உங்கள் அத்தை செய்ததை நான் கண்டுபிடித்திருக்க முடியும், கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம்.

அவள் அரிந்த வெங்காயத்தை முறத்தில் தள்ளிக்கொண்டே கேட்டாள். நிறுத்தியதும், "அத்தையாத் தண்ணி வெக்கலீங்க" என்றாள். "நாந்தான் வெக்கச் சொன்னனுங்க."

தியேட்டர் என்று நான் சொல்லிவிட்டுப் போனதும் அவள் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாளாம். மறுபடி அந்தக் கம்பிச் சத்தத்தைக் கேட்க முடியாது, எப்படியாவது அந்த எண்ணை ஏற்றுங்கள் அத்தை என்று அழுதிருக்கிறாள். மாமியாருக்கு மனமில்லை. சிஸ்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று சொல்லியிருக்கிறாள். "மிஷின நீங்க போட்டீங்கல்ல, இதையாச்சும் எனக்குப் பண்ணுங்கன்னுபோட்டேன்" என்றாள். "அந்தச் சொல்லுக்கு அப்பறம் அவங்க எப்புடீங்க முடியாதும்பாங்க."

வெங்காயத்தைக் காரணம் காட்ட முடியாத அளவுக்கு அவள் கண்ணில் நீர் ஓடிக்கொண்டிருந்தது. துடைக்கவில்லை.

நாலு வருடமாக ஊர் முழுக்கத் தெரிந்த கதை, மருமகள் விரலைக் கெடுத்த மாமியார் என்பது. அவள் புருஷன், பைப்பைத் தொட்டுப் பார்க்கத் தெரிந்தவன், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் தன் அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சோறு போட்டு வைத்துவிட்டுப் போவானாம். சாகும்வரை அப்படித்தான். இவள் உண்மையைச் சொல்ல வாயெடுத்தபோதெல்லாம் கிழவி கண்ணைக் காட்டி அடக்கியிருக்கிறாள். "கையுங் கெட்டுப் பேருங் கெட்டா நீ எங்க கண்ணு போவேம்பாங்க. எனக்கென்ன, ரேகை வெச்சுக் குடுத்துட்டேன், முடிஞ்சுபோச்சும்பாங்க."

மருமகள் பெயர் வருகிறதா என்று எதற்குக் கேட்டாள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அந்த அறையில் நான் ஒருத்தி மட்டும் என் பங்கை மறைப்பதாக நினைத்திருந்தேன்.

உச்சி நேரத்துக்கு அவன் காட்டிலிருந்து வந்தான். என்னை அடையாளம் கண்டு கும்பிட்டான். வந்த வேகத்திலேயே, "அம்மா மட்டும் அன்னிக்கு அந்தக் காரியம் பண்ணாம இருந்திருந்தா" என்று ஆரம்பித்தான், மரியாதைக்கு ஏதாவது பேச வேண்டுமே என்பதுபோல. அவன் அதைப் பல பேரிடம் சொல்லியிருக்க வேண்டும். நானும் என் வாசகத்தை அப்படித்தான் சொல்லி வந்தேன்.

நான் முதலில் சொன்னேன். பிறகு அவள் சொன்னாள். குரல் உயரவில்லை. அவன் நின்றுகொண்டே கேட்டான். முடிந்ததும் உள்ளே போனான். இரும்புப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரிக் கோப்போடு வந்து, அதிலிருந்து ஒரு தாளை உருவி என் முன்னால் வைத்தான். என் கையெழுத்து. அடியில் ஊதா மையில் இரண்டு கைநாட்டு, ஒன்று தெளிவில்லாமல், ஒன்று கொஞ்சம் தெளிவாக.

"இதுல எழுதுங்க" என்றான்.

மருத்துவப் பதிவேட்டில் தவறைத் திருத்துவதற்கும் நடைமுறை உண்டு. கிழிக்கக் கூடாது, அடித்துக் கறுப்பாக்கக் கூடாது, வெள்ளை பூசக் கூடாது. பழையதைப் படிக்க முடிகிற மாதிரி ஒரே ஒரு கோடு. பக்கத்தில் சரியானது. கையெழுத்து, தேதி, நேரம். ஆயிரம் பேருக்கு இதை நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். "செவிலியருக்குத் தெரியாமல்" என்ற இரண்டு சொல்லின் மேல் கோடு போட்டேன். மேலே எழுதினேன், இரண்டு மணிக்குச் செவிலியருக்குச் சந்தேகம் இருந்தது, ஊசிச் சோதனை கேட்கப்பட்டது, நான் மறுத்தேன் என்று. கைநாட்டின் மேல் பேனா படாமல் பார்த்துக்கொண்டேன். ஊசி கேட்ட அந்தப் பெண் இப்போது வளைகுடாவில் எங்கோ இருக்கிறாள். அவளுக்கும் ஒரு கடிதம் எழுத வேண்டும், இன்னும் எழுதவில்லை.

பிறகு அவள் பேனாவை வாங்கினாள். ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் சொருகிக்கொண்டு, அடியில் "நான்தான் சொன்னேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எழுத்து வரி மீறிப் பெரிதாக இருந்தது. நேரம் போட வேண்டும் என்றேன், பழக்க தோஷம். கைபேசியைப் பார்த்து 1.40 என்று எழுதினாள்.

அவன் தாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். எங்கள் எழுத்தை அவன் படித்ததாகத் தெரியவில்லை. கைநாட்டு இருந்த இடத்தில் புறங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், வெயிலில் கிடக்கும் பைப்பைத் தொட்டுப் பார்க்கிறவன் போல.

நான் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். வாரேனுங்க என்றேன். இந்தப் பக்கத்தில் உச்சி நேரத்தில் வந்தவரை, எதிரியே ஆனாலும், ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க என்று சொல்லாமல் அனுப்பமாட்டார்கள். இருவரில் யாரும் சொல்லவில்லை. பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தேன். இரண்டு மணியாகியிருக்கும்.